ரிச்சி தெருவும் அசெம்பிள் கணினியும்: உதிரிபாகங்களைச் சோதித்துத் தேர்ந்த வரலாறு

ரிச்சி தெரு என்பது சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகில் அமைந்துள்ள மின்னணுப் பொருள் சந்தையாகும். ஒரு தெருவின் பெயரால் அழைக்கப்பட்டாலும், நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை, மீரான் சாகிப் தெரு ஆகியவற்றின் கடைகளும் இச்சந்தையில் அடங்கும். தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை ஆகியவற்றோடு வைத்து எண்ணப்படும் சந்தை இது.

சென்னையின் பல வீடுகளுக்கு முதல் கணினி இங்கிருந்துதான் வந்தது. பெரும்பாலும் அது நிறுவன முத்திரை இல்லாத, உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய 'அசெம்பிள்' கணினி. அத்தகைய கணினி முழுமைக்கும் பொறுப்பேற்கும் தொழிற்சாலை எதுவும் இல்லை. எந்தப் பாகம் நம்பத்தக்கது, அதை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி கடைக்காரரிடமும் வாங்குபவரிடமும் வந்து சேர்ந்தது. அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

தொழிற்சாலையின் பொறுப்பு

இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகத்தில் 1973ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்ற பெருங்கணினி நிறுவப்பட்டது. அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்தியவர்கள் அதன் உள்ளே இருக்கும் பாகங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பாகங்களைத் தேர்வது, சோதிப்பது, பழுதானால் மாற்றுவது எல்லாம் தயாரிப்பாளரின் வேலை. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது அதன் கணினிகளைப் பராமரிக்கும் பணி, 1975இல் தொடங்கப்பட்ட சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்திடம் வந்தது. பொறுப்பு கைமாறினாலும் அது ஒரு நிறுவனத்திடமே இருந்தது.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினி இந்நிலையை மாற்றியது. அதன் பாகங்களில் பல வெளிச்சந்தையில் கிடைப்பவை. அதன் மின்சுற்று வரைபடங்களையும் அந்நிறுவனமே நூலாக வெளியிட்டது. அதனால் பிற நிறுவனங்களும் அதே அமைப்பில் கணினியையும் பாகங்களையும் செய்யத் தொடங்கின. இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி கணினிப் பாகங்கள் மீதான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் நீங்கியது.

இம்மாற்றங்கள் நேரும்போது ரிச்சி தெருவில் வானொலி உதிரிபாகக் கடைகள் ஏற்கெனவே இருந்தன. டிரான்சிஸ்டரை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து வாங்கும் பழக்கமும் இருந்தது. பாகங்களைத் தனித்தனியே விற்பதற்கும், பழுதானதைச் சரிசெய்வதற்கும் பழகிய சந்தை கணினிப் பாகங்களுக்கு மாறுவது கடினமாக இல்லை. 1997இல் பறக்கும் ரயில் திருமயிலை வரை ஓடத் தொடங்கியபின், மயிலாப்பூரில் ஏறுபவர் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிச் சந்தைக்கு நடந்துவிடலாம். 2004இல் அப்பாதை திருவான்மியூர் வரை நீண்டதால் அடையாறு பகுதியினருக்கும் இவ்வழி எளிதாயிற்று.

கடை மேசைச் சோதனை

மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையைக் கேபினெட்டில் பொருத்தும் முன்பே சோதிப்பது அசெம்பிள் தொழிலின் முதல் பாடம். பலகையை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு நினைவகத் துண்டு, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் இணைத்து இயக்குவார்கள். கணினி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு ஒலியெழுப்பும். பல பலகைகளில் ஒரு சிறு ஒலி வந்தால் எல்லாம் சரி. தொடர் ஒலிகள் வந்தால் இன்ன பாகத்தில் பழுது என்று பொருள். ஒலியே இல்லையென்றால், நல்லதென்று தெரிந்த பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பழுதைக் கண்டறிய இன்றும் பயன்படும் முறை இதுவே.

ஆனால் பத்து நிமிடம் ஓடிய கணினி பத்து மாதம் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. மின்னணுப் பாகங்கள் பழுதாகும் விகிதத்தை வரைபடமாக வரைந்தால் அது குளியல் தொட்டியின் குறுக்குவெட்டைப் போல இருக்கும் என்பர் பொறியாளர். தயாரிப்புக் குறையுள்ளவை தொடக்கத்திலேயே பழுதாகும். பின்னர் நீண்ட அமைதிக் காலம். இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் பழுதுகள் பெருகும். தொடக்கப் பழுதுகளைக் கடையிலேயே வெளிக்கொணர, கணினியை முழுச்சுமையில் பல மணி நேரம் ஓடவிடுவது 'பர்ன்-இன்' எனப்படும். பெரும் பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் எழுதப்பட்ட பிரைம்95 என்ற நிரல், செயலியையும் நினைவகத்தையும் வருத்திப் பார்க்கும் சோதனையாகவும் உலகெங்கும் பயன்பட்டது. விடை முன்பே தெரிந்த கணக்கைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒருமுறையாவது விடை பிசகுகிறதா என்று பார்ப்பதே அதன் முறை.

பிழையான வகுத்தலும் மாற்றிய மேலெழுத்தும்

சோதனை தேவை என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்திய நிகழ்வு 1994இல் நடந்தது. தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், இன்டெலின் பென்டியம் செயலி சில வகுத்தல்களில் தவறுவதைக் கண்டறிந்தார். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். பிழையுள்ள செயலி 1.33374 என்று காட்டியது. இப்பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. எண்சுவடியும் பென்சிலும் உள்ள எவரும் செய்துபார்க்கக்கூடிய கணக்கு ஒரு பெருநிறுவனத்தின் குறையை வெளிப்படுத்தியது.

வேறொரு சிக்கல் சந்தையில் பிறந்தது. வேகம் குறைந்த செயலியின் மேலெழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்கும் மோசடி 1990களில் பல நாடுகளில் நடந்தது. அத்தகைய செயலி இயங்கும். ஆனால் சூடேறி இடையிடையே நின்றுபோகும். இதன்பின் செயலியின் உள்ளிருக்கும் அடையாளத்தை நிரல் வழியே படிப்பதும், மூடி முத்திரையிட்ட பெட்டியை வாங்குபவர் முன் திறப்பதும் நல்ல கடைகளின் வழக்கமாயின.

வீங்கிய மின்தேக்கிகள்

1999 முதல் ஏறத்தாழ 2007 வரை உலகம் முழுவதும் தாய்ப்பலகைகளில் ஒரு விந்தையான பழுது பரவியது. கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கிகள் மேற்புறம் வீங்கி, பழுப்பு நிறத் திரவத்தைக் கசியவிட்டன. அவற்றின் உள்ளே இருந்த நீர்சார்ந்த மின்பகுளியின் சேர்மானக் குறையால் வாயு உண்டாகி அழுத்தம் கூடியதே காரணம். முத்திரை பெற்ற நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் இதன் பொருட்டு 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்கியது. விலை உயர்ந்த பெயர் மட்டும் பாகத்தின் தரத்தைக் காக்காது என்பது அப்போது தெளிவாயிற்று.

மின்தேக்கியின் ஆயுளைக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. வெப்பம் 10 பாகை குறையும்போது ஆயுள் இரட்டிப்பாகும். 105 பாகை செல்சியஸில் 2000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் அது சுமார் 11 ஆண்டுகள். 85 பாகைக்கு மட்டுமே தகுதி பெற்ற மின்தேக்கி, அதே 65 பாகையில் 8000 மணி நேரமே நிற்கும். மூன்றாண்டுகூட முழுமையாக வராது. இரண்டுக்கும் விலை வேறுபாடு சில ரூபாய்தான். மின்தேக்கியின் மேல் அச்சிட்ட '105' என்ற எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

மின்வழங்கி

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியே அசெம்பிள் கணினியில் அதிகம் புறக்கணிக்கப்பட்ட பாகம். செயலிக்கும் நினைவகத்துக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, கேபினெட்டோடு இலவசமாக வரும் மின்வழங்கியை ஏற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது. அது பழுதாகும்போது தாய்ப்பலகையையும் வன்தட்டையும் சேர்த்துக் கெடுக்க வல்லது. கையில் தூக்கி எடை பார்ப்பது பழைய சோதனை. பெரிய வெப்பத்தகடும் மின்மாற்றியும் எடையைக் கூட்டும் என்பதால் அதில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் எடை ஒன்றே சான்றாகாது.

மல்டிமீட்டர் இதைவிட நம்பத்தக்கது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பின்படி 12 வோல்ட் வழி 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் வழி 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் இருக்க வேண்டும். இதைச் சுமையில்லாமல் அளந்தால் பயனில்லை. முழுச்சுமையில் ஓடும்போது அளக்க வேண்டும்.

நினைவகமும் வன்தட்டும்

நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தவறினாலும் கணினி எப்போதாவது நின்றுபோகும். அல்லது கோப்பு சத்தமின்றிச் சிதையும். 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்ற நிரல், இயங்குதளம் ஏற்றப்படும் முன்பே ஒவ்வோர் இடத்திலும் ஒன்றையும் சுழியையும் மாற்றி மாற்றி எழுதித் திரும்பப் படிக்கிறது. இச்சோதனையில் ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதன்று. ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுவதும் ஓடவிடுவது நல்லது.

வன்தட்டின் நிலை வேறு. தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் 'ஸ்மார்ட்' வசதி அதில் உண்டு. எனினும் 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை நான்கு முக்கியக் குறியீடுகளில் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே பழுதாகியிருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம். வராததை நம்பக் கூடாது. எனவே வன்தட்டுக்குச் சோதனையைவிட மறுபடி எடுத்து வைப்பதே காப்பு.

சென்னையின் சோதனைகள்

குளிரூட்டிய ஆய்வகத்தில் தேறிய பாகம் சென்னை வீட்டில் தேற வேண்டும் என்பதில்லை. கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். அதே ஈரக்காற்று, பாகங்களைக் கெடுக்கும் நிலைமின்சாரத்தைக் குறைக்கிறது என்ற நன்மையும் உண்டு. கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று உறைப்பது பல வீடுகளில் கண்ட அனுபவம். மின்வழங்கியின் வடிகட்டி வழியே சிறு மின்னோட்டம் கேபினெட்டுக்கு வருவது இயல்பு. அதை மண்ணுக்குக் கொண்டுசெல்ல எர்த் இணைப்பு இல்லாததே உறைப்புக்குக் காரணம். அங்கே மாற்ற வேண்டியது கணினியை அன்று; சுவரிலுள்ள பிளக் பாயிண்டை.

2012ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் யு.பி.எஸ். ஆடம்பரமாக அன்றி அவசியமாகவே ஆனது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளத்தில் நனைந்த பலகை காய்ந்தபின் இயங்கக்கூடும்; ஆனால் சில்லுகளின் கால்களில் படரும் பச்சை நிற அரிப்பு நாளடைவில் அதைக் கொல்லும். பழைய பாகம் வாங்குபவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அக்கால்களைப் பார்ப்பது தகும்.

முத்திரைகள் சொல்வது என்ன?

2012இல் பிறப்பிக்கப்பட்ட கட்டாயப் பதிவு ஆணை, கணினி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள் இந்தியத் தர அமைவனத்தில் பதிவு பெற வேண்டும் என்றது. ஐ.எஸ். 13252 என்ற தரநிலை மின்னதிர்ச்சி, தீ முதலிய ஆபத்துகளிலிருந்து காப்பதற்கானது. பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று அது கூறுவதில்லை. 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' சான்று, மின்வழங்கி மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்துகிறதா என்று மட்டும் சொல்கிறது. மின்னணுப் பொருள்களை முறையாகச் சோதிக்கும் அரசு மையம் திருவான்மியூரில் உள்ளது. ஆனால் அது தயாரிப்பாளர்களுக்கு உரியது. ஒரே ஒரு ராம் துண்டோடு வரும் மாணவருக்கு அன்று.

அத்தகைய மாணவருக்குக் கடையின் ரசீதே சான்று. பாகத்தின் மேல் மாதமும் ஆண்டும் குறித்து ஒட்டப்படும் சிறு ஒட்டி உத்தரவாதக் கணக்குக்கு அடையாளம். பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று சொல்லப்படும் இடத்தில், குறைவது விலை மட்டுமன்று. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும் தந்த உரிமையை நிலைநாட்டும் ஆதாரமும் கைவிட்டுப் போகிறது.

இன்றைய நிலை

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கைபேசியின் பரவல், இணையவழி விற்பனை ஆகியவற்றால் வீட்டுக்கு அசெம்பிள் கணினி வாங்கும் தேவை குறைந்தது. படத்தொகுப்பு, வடிவமைப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்காக இன்றும் பாகம் பாகமாகத் தேர்ந்து கணினி அமைப்பவர்கள் உள்ளனர். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் முறை மாறியபோது, அதற்காக இரவு பகலாக ஓடிய வரைகலை அட்டைகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றையும் முழுச்சுமையில் ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறியின் ஒலியையும் கவனித்தே வாங்க வேண்டும்.

பெருங்கணினிக் காலத்தில் நிறுவனம் செய்த சோதனையை இப்போது வாங்குபவரே செய்கிறார். அதற்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டர், கட்டணமில்லாமல் கிடைக்கும் இரண்டு மூன்று நிரல்கள், ஓர் இரவு நேரம், தேதியிட்ட ரசீது. மாற்றிக்கொள்ளும் காலக்கெடு முடியும் முன் அச்சோதனையை முடித்துவிட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடம்.