காடம்பாடிக்காரரின் நாட்குறிப்பு

சரஸ்வதி பூசை வந்தால் அப்பா தன் புத்தகங்களோடு அந்த வருஷத்து டைரியையும் அடுக்கிச் சந்தனப் பொட்டு வைப்பார். நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர் அவர். இரவில் வெண்பா எழுதுவார். பாட்டு கூடிவந்த நாளில், டைரியில் பிள்ளையார் சுழிக்குக் கீழே, ‘இன்று ஒன்று அமைந்தது. நீலாயதாட்சி தந்தாள்’ என்று மட்டும் குறித்திருக்கும். நீலாயதாட்சி எங்கள் ஊர் அம்மன். பாட்டு வேறு நோட்டில் இருக்கும்.

“இந்தப் பழக்கம் எப்படிப்பா வந்துச்சு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எல்லாம் நம்ம காடம்பாடிக்காரர்கிட்டேர்ந்துதான்” என்றார்.

அவர் சொன்னது மறைமலையடிகளை. 1876 ஜூலை 15 அன்று நாகையின் காடம்பாடியில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். பிள்ளை வரம் கேட்டு அவர்கள் வேண்டிக்கொண்ட திருக்கழுக்குன்றத்து ஈசனின் பெயர் அது. மருத்துவரான தந்தை இறந்துபோக, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அதன்பின் தமிழ் கற்றது நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம். ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளைக்கும் அவர்தான் ஆசிரியர். நாகையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் துறைமுகத்தையும் சூடாமணி விகாரத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் புத்தகக் கடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1898இல் அடிகள் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். நாட்குறிப்பும் அதே ஆண்டில் தொடங்குகிறது. படித்தது, எழுதியது, பேசிய கூட்டம், வாங்கிய நூல், உடல்நலம், வீட்டுக் கவலை, இறைவனிடம் வேண்டுதல் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். பெரும்பாலும் ஆங்கிலத்தில். தனித்தமிழ் இயக்கம் கண்டவர் ஆங்கிலத்திலா என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த இயக்கம் பிறந்தது 1916இல்; அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே பழகிவிட்ட கை அது.

1900இல் நடந்ததுதான் என்னை அதிகம் நெகிழ வைத்தது. கடும் நோயில் கிடந்தவர், குணமானால் பாடுவதாகத் திருவொற்றியூர் முருகனை வேண்டிக்கொண்டார். நோய் தீர்ந்தது. ‘திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை’ பிறந்தது. எங்கள் பக்கத்துக்கு நேர்த்திக்கடன் புதிதில்லை. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், நாகூரில் வெள்ளித் தகடு வைப்போம், சிக்கலில் காவடி எடுப்போம். அடிகள் செலுத்தியது தன் பாட்டை. ஆண்டவன் தந்த புலமையிலிருந்தே ஒரு பங்கை எடுத்து அவனுக்கே கொடுத்தார்.

அப்பாவின் ஒற்றை வரி எனக்குப் புரிந்தது இதை அறிந்த பிறகுதான். நான் எழுதினேன் என்று அவர் ஒருநாளும் குறித்ததில்லை. அமைந்தது, தந்தாள் என்றே குறித்தார். பகலெல்லாம் அடுத்தவர் கணக்கை எழுதிய கை, ராத்திரியில் தனக்கு வந்த வரவை எழுதி வைத்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. தகரப்பெட்டியில் இருந்த முப்பத்திரண்டு டைரிகளில் இரண்டுதான் மிஞ்சின. மை கரைந்த பக்கங்களில் ‘தந்தாள்’ என்ற சொல்லை மட்டும் சில இடங்களில் வாசிக்க முடிகிறது. வெண்பா நோட்டு கிடைக்கவேயில்லை.

அடிகளின் குறிப்புகளைக் குடும்பத்தார் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று அவரை நாள்வாரியாக அறிகிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தாத்தாவின் டைரி கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடை போடுமுன், தயவுசெய்து ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.