வேவும் வீட்டுப் பட்டியலும்
கொழும்பு மாநகரின் சரித்திரத்தில் ஒரு பகுதி

திருவள்ளுவனார் ஒற்றாடலைத் தம் நூலின் 59ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன் நிற்பது கண்ணோட்டம். குடிகள்மாட்டு இரக்கமுடைமையை வற்புறுத்திய கையோடே வேவுத்தொழிலை எடுத்துரைத்த இவ்வைப்புமுறை தற்செயலாய் அமைந்ததெனக் கொள்ளுதல் அரிது. அரசனுக்குக் கண்களாவன இரண்டென்றும், ஒன்று ஒற்று, மற்றது நீதிநூல் என்றும் அவர் கருதினார். ஒற்றராற் கண்காணிக்கப்பட வேண்டியோரை எண்ணுமிடத்து அரசனுடைய வினை செய்வாரை முதலிலும் சுற்றத்தாரை அடுத்தும் பகைவரை இறுதியிலும் நிறுத்தினார். ஒருவன் கொணர்ந்த செய்தியைப் பிறன் ஒருவனாற் சோதித்த பின்னரே நம்புதல் வேண்டும் என்றார். கொழும்பு மாநகரின் இருநூறாண்டுச் சரித்திரத்தை இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இந்நகரில் ஆட்சி செய்தோர், ஐயத்துக்குரிய ஒருவனைத் தேடியறிதலினும் ஒரு சமூகம் முழுவதையும் எண்ணி எழுதி வைத்தலை எளிதாகக் கண்டனர். எண்ணியதை அறிந்ததாகவும் மயங்கினர்.

ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1803ஆம் ஆண்டிற் கண்டிமீது படையெடுத்த ஆங்கிலேயர் அவ்விராச்சியத்தின் உள்நிலையை அறியாது சென்றனர். கண்டியில் மேஜர் டேவியின் தலைமையில் விடப்பட்ட படை அவ்வாண்டு யூன் மாதத்தில் அழிந்தது. அவ்வழிவு கற்பித்த பாடத்தை நன்குணர்ந்தவர் ஜோன் டொயிலி என்னும் சிவில் உத்தியோகத்தர். மாத்தறையிற் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் பயின்ற இவர், 1805ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராயினார். மொழிபெயர்த்தல் பதவியின் பெயர். வேவு அதன் உள்ளுறை. பிக்குகளும், எல்லைகடந்து பாக்கும் உப்பும் விற்கச் சென்ற சிறுவணிகரும், மலைநாட்டுத் தலைவர்களின் தூதரும் அவரிடம் வந்து சென்றனர். வந்தவன் யாவன், எவ்வழியாக வந்தான், சொல்லியதைத் தானே கண்டானா, பிறர் சொல்லக் கேட்டானா என்பவற்றை அவர் நாட்குறிப்பிற் பதிந்து வைத்தார். 1810 முதல் 1815 வரையுள்ள அக்குறிப்புக்களைக் கொட்ரிங்டன் பதிப்பிக்க, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை 1917இல் வெளியிட்டது. இன்று அவற்றைப் படிப்போர்க்கு முதலில் அலுப்பே தோன்றும். சின்னஞ்சிறு செய்திகளின் குவியலாகவே அவை கிடக்கின்றன. ஆயினும் அவ்வலுப்பூட்டும் பொறுமையே 1815 பெப்ரவரியில் ஏறக்குறையப் போரின்றியே கண்டியைப் பிரவுண்றிக் தேசாதிபதியின் கையில் ஒப்படைத்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான்.

டொயிலியின் அறம் எத்தகையது என்பது வேறு வினா. ஓர் அரசைக் கவிழ்ப்பதற்கு அதன் தலைவர்களை அரசனிடமிருந்து பிரித்த ஒருவரை நல்லோர் வரிசையில் வைத்தல் இயலாது. இங்கு நோக்கற்பாலது அவருடைய முறை. அம்முறையும் வெற்றியின் பின் நிலைக்கவில்லை. கண்டியின் றெசிடென்ற் ஆக அவரே அமர்ந்திருந்த காலத்தில், 1817ஆம் ஆண்டு, ஊவாவிற் பெருங்கிளர்ச்சி மூண்டது. அங்குச் சென்ற உதவி அதிகாரி வில்சன் கொல்லப்பட்ட பின்னரே அதன் முழு வலிமை அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. முன்பு வணிகனும் பிக்குவும் வந்து பேசிய மனிதர், இப்போது ஆள்வோரின் பிரதிநிதியாக இருந்தார். உண்மை சொல்வோர் குறைந்தனர் எனக் கருத இடமுண்டு.

இருபதாம் நூற்றாண்டில் வேவுமுறை சட்டத்தின் துணைகொண்டு வேறுருவம் எடுத்தது. சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 1947ஆம் ஆண்டின் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசரமாக இயற்றப்பட்டது. தொழிலாளரை அடக்குவதற்காக அந்நியர் வார்த்த அச்சட்டத்தைச் சுதேச அரசாங்கங்கள் கைவிடாது போற்றின என்பது நம் சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று. அதன்கீழ் ஆக்கப்பட்ட அவசரகால விதிகளுள் ஒன்று, வீட்டுக்காரர் தம் வீட்டில் வதிவோரின் பெயர்ப்பட்டியலைப் பொலிசாருக்குக் கொடுக்குமாறு கட்டளையிட இடமளித்தது. 1979இல் மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரின் அன்றாட வாழ்வை ஏறத்தாழ முப்பதாண்டுகள் வடிவமைத்தன.

பட்டியல் என்னும் சொல் அம்மக்கள் செவியில் எவ்வாறு ஒலித்தது என்பதை உணர 1983 யூலையை நினைத்தல் வேண்டும். யூலை 23ஆந் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியிற் போர்வீரர் பதின்மூவர் கொல்லப்பட்டதை அடுத்து, 24ஆந் திகதி இரவு பொறளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தையை அடைந்தது. காலி வீதியிற் கடைகள் எரிந்தன. குறுக்குத் தெருக்களிற் புகுந்தோர் சிலர் வாக்காளர் இடாப்புக்களைக் கையில் வைத்திருந்தனர் என்பது அக்காலத்தை எழுதியோர் பலரும் குறித்துள்ள செய்தி. ஒரே வேலிக்குள் அடுத்தடுத்து நின்ற இரு வீடுகளுள் ஒன்று எரிய, மற்றது தப்பியது. வாக்களிப்பதற்காக மகிழ்வோடு எழுதிக் கொடுத்த பெயர், வீட்டைக் காட்டிக் கொடுத்தது. பின்வந்த ஆண்டுகளிற் பொலிஸ் படிவத்தை நிரப்ப உட்கார்ந்த ஒவ்வொரு குடும்பத் தலைவர் மனத்திலும் இந்நினைவு இருந்தது. அதிகாரிகள் அதனைப் பிடிவாதமென்றோ ஒளிப்பென்றோ கொண்டனர். ஈண்டே இருசாராரும் ஒருவரையொருவர் தவறாகப் படித்தனர்.

தலைநகரில் அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1987 ஏப்ரில் 21ஆந் திகதி புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1996 சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கியின் முன் நிகழ்ந்த வெடிப்பில் 90 பேர் வரை மாண்டனர். காயமடைந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவ்வாண்டு யூலையிற் தெகிவளையிற் புகைவண்டியிற் குண்டு வெடித்தது. காலையில் வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் திரும்புவாரா என்னும் ஏக்கம் சிங்கள வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் பொதுவாயிருந்தது. எந்த அரசாங்கமும் இந்நிலையில் வாளா இருந்திராது. கேள்வி, அது செய்தது எதனைப் பயந்தது என்பதே.

வடக்கிலிருந்து வந்தோர் வெள்ளவத்தை விடுதிகளிலும் கொட்டாஞ்சேனை விடுதிகளிலும் தங்கினர். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோர், கொழும்பு ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பெற வந்தோர், வேலை தேடிய இளைஞர், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஆகிய இவர்களே பெரும்பாலோர். ஒருவர் வந்திறங்கியதும் முதற்கடமை, தங்கும் வீட்டாரோடு பொலிஸ் நிலையஞ் சென்று பெயர் பதிதல். அதற்குரிய துண்டைத் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து எப்போதும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். வட கிழக்கில் வழங்கப்பட்ட அட்டையில் சிங்களத்தோடு தமிழும் எழுதப்பட்டிருக்க, பிற பகுதிகளின் அட்டையிற் சிங்களம் மட்டுமே நெடுங்காலம் இருந்தது. ஆகவே சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டியவுடனே, அதனைப் படிக்கும் முன்னரே, ஊர் தெரிந்துவிடும். தாய்மொழியின் எழுத்து ஐயத்தின் அடையாளமாயிற்று. நள்ளிரவில் ஒரு தெரு சுற்றிவளைக்கப்படும், கதவு தட்டப்படும், பட்டியலில் உள்ள பெயர்களும் பாயில் உறங்குவோரின் தொகையும் ஒத்துப்பார்க்கப்படும். முதல் நாள் மாலை வந்த மருமகன் பதியப்படாதிருந்தால், விடியும்போது அவன் பொலிஸ் நிலையத்தில் இருப்பான். குடும்பம் வாயிலில் நிற்கும்.

இவ்வலையில் அகப்பட்டோர் பெரும்பாலும் வலைக்கு அஞ்சி நடந்தோரே. 1993 மே 1ஆந் திகதி ஜனாதிபதி பிரேமதாசா ஆமர் வீதிச் சந்தியில், கொட்டாஞ்சேனைக்கு மிக அணித்தாக, தற்கொலைக் குண்டுதாரி ஒருவனாற் கொல்லப்பட்டார். கொன்றவன் புதிதாக வந்து விடுதியில் ஒளித்திருந்தவனல்லன். நெடுநாள் கொழும்பில் வாழ்ந்து, ஜனாதிபதியின் இல்லப் பணியாளரோடு நட்புக்கொண்டு, காவலர்க்குத் தெரிந்த முகமாகியிருந்தவன். ஆயிரக்கணக்கான வீடுகளின் பட்டியல் பொலிஸ் நிலையங்களில் அடுக்கப்பட்டிருக்க, பார்க்க வேண்டிய வாயில் திறந்தே கிடந்தது. வினை செய்வாரையும் சுற்றத்தையும் முன்னே நோக்குக என்ற பழைய வரிசையை இங்கு நினையாதிருத்தல் அரிது.

அதே வேளையில், பொறுமையாகச் செய்திகளைத் திரட்டிய சிறு முயற்சிகளை அரசே குலைத்த சம்பவமும் உண்டு. 2002 சனவரி 2ஆந் திகதி, அத்துருகிரிய மிலேனியம் சிற்றி என்னும் குடியிருப்பில் இராணுவப் புலனாய்வுப் பிரிவு பேணிய மறைவிடத்தைப் பொலிசார் முற்றுகையிட்டு அங்கிருந்தோரைக் கைது செய்தனர். கட்சிப் பகையின் நிழல் அச்செயலிற் படிந்திருந்தது. மறைவாயிருந்த பெயர்கள் வெளிவந்தன. அடுத்துவந்த யுத்தநிறுத்த காலத்திற் புலனாய்வோடு தொடர்புடையோர் பலர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். அவருள் தமிழரும் பலர். பொதுமக்களின் பெயர் எழுதிய பட்டியல் பத்திரமாக இருந்தது; மறைக்க வேண்டிய பட்டியலே மறைந்திருக்கவில்லை.

போர் மீண்டும் மூண்டபின், 2007 யூன் மாதத்தில், பட்டியல் தன் இயல்பான முடிவை அடைந்தது. தகுந்த காரணமின்றித் தலைநகர் விடுதிகளில் தங்கியுள்ள தமிழர் ஊர் திரும்பல் வேண்டும் எனப் பொலிஸ் மாஅதிபர் அறிவித்தார். யூன் 7ஆந் திகதி விடியுமுன்னரே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளுட் பொலிசார் புகுந்தனர். விடுதிப் பதிவேடுகள் அவர்கள் வேலையை எளிதாக்கின. பொருள்களைச் சேர்த்துக்கொள்ளச் சிறிது நேரமே கொடுக்கப்பட்டது. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மருந்துச்சீட்டோடு வந்தவரும் விசா விண்ணப்பம் கொடுத்தவரும் அவருள் அடங்குவர். எவர்மீதும் தனிப்பட்ட குற்றம் சாட்டப்படவில்லை என்பதே இந்நிகழ்ச்சியின் கரு. சொந்த நாட்டின் தலைநகரில் தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டியவராகக் குடிமக்கள் ஆக்கப்பட்டனர்.

இங்கே மற்றக் கண் விழித்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவை ஏற்று, மறுநாளே, யூன் 8ஆந் திகதி, உயர் நீதிமன்றம் இவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வெளிப்படையாக வருத்தந் தெரிவித்தார். அனுப்பப்பட்டோரிற் பலர் திரும்பினர். ஆயினும் எண்ணுதல் நிற்கவில்லை. 2008 செப்டெம்பர் 21ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் வட மாகாணத்திலிருந்து வந்து தலைநகரில் வதிந்தோர் யாவரும் தம்மைப் பதியுமாறு அழைக்கப்பட்டனர். பிள்ளைகள் வாரநாட்களில் எழுதப் பழகும் பாடசாலை வாங்குகளில் அவர்தம் பெற்றோர் அமர்ந்து பெயரெழுதிக் கொடுத்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலநிலை நீங்கியது.

பத்தாண்டு கழித்துக் கேடு வந்தபோது அது பட்டியல் எழுதப்பட்ட திசையிலிருந்து வரவில்லை. கொட்டாஞ்சேனை உயிர்த்த ஞாயிறன்று குருதி கண்டது அதுவே முதன்முறை அன்று. 1883 மார்ச்சு 25ஆந் திகதி, அத்திருநாளில், மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கராற் தாக்கப்பட்டது. ஊர்வலத்தில் தம் சமயத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் வருகின்றன என்ற வதந்தி முன்னரே பரவியிருந்தது, ஆலய மணிகள் ஒலித்தன, தடியேந்தியோர் திரண்டனர். பௌத்தர் ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். விசாரணைக் குழு அமைந்தது. குற்றவாளியென எவரும் தண்டிக்கப்படவில்லை. ஊரெல்லாம் அறிந்த கொதிப்பைப் பொலிசார் தக்க தருணத்தில் மதிக்கத் தவறினர். பௌத்தரின் குறையை எடுத்துக்கொண்டு ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றதும், 1885 முதல் வெசாக் விடுமுறைநாளானதும் இதன் விளைவுகளே.

2019இல் வதந்தி அன்று, எழுத்துமூலமான எச்சரிக்கையே கையில் இருந்தது. ஏப்ரில் 4ஆந் திகதி இந்தியப் புலனாய்வுத் துறையிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்குச் செய்தி கிட்டியது. தாக்குவோரின் தலைவன் பெயரும், தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தன. அது 9ஆந் திகதி பொலிஸ் மாஅதிபரை எட்டியது. 11ஆந் திகதி பிரமுகர் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதமாயிற்று. தேவாலயங்களின் குருமார்க்கு ஒருவரும் சொல்லவில்லை. ஜனாதிபதியும் பிரதமரும் பகைத்திருந்த அக்காலத்திற் பாதுகாப்புச் சபைக்குப் பிரதமர் அழைக்கப்படவும் இல்லை. 21ஆந் திகதி காலை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் பூசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் நிகழ்ந்த தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அவ்வாலயத்தின் தோற்றமே வேவோடு தொடர்புடையது என்பது ஐதிகம். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தேடிப் பிடித்த காலத்தில், மாறுவேடத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு குரு இக்கடற்கரை மீனவரிடையே அதனை நிறுவினார் என்பர். செவ்வாய்க்கிழமைகளிற் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்ற வருமிடம் அது. அண்மையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் சென்று வழிபட்டுவிட்டு இங்கும் ஒருகால் தலைவணங்கிச் செல்வோர் பலர்.

ஏப்ரில் 22ஆந் திகதி நள்ளிரவு முதல் அவசரகால விதிகள் மீண்டும் அமுலாயின. இம்முறை முஸ்லிம் மக்கள் வாழும் தெருக்களில் வீடு வீடாகச் சோதனை தொடங்கியது.

2023 சனவரி 12ஆந் திகதி, ஏழு நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் தீர்ப்பு வழங்கியது. கிடைத்த எச்சரிக்கையின்மீது செயற்படாமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என்று கண்டது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ் மாஅதிபராகவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராகவும் இருந்தோர் தலைக்கு ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளராயிருந்தவர் 5 கோடியும், தேசியப் புலனாய்வுத் தலைவராயிருந்தவர் 1 கோடியும் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடாகச் செலுத்துமாறு கட்டளையிட்டது.