இருமொழிச் செய்நிரலும் பெயரீற்றுக் கோடும்

ஜோன் பாக்கஸ் குழுவினர் ஐ.பி.எம். நிறுவனத்திலே 1957ஆம் ஆண்டில் அளித்த போர்ட்ரான் தொகுப்பான் கணிதர்க்குக் கருவியாயிற்று. 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய சி மொழி, இயந்திரத்தை அணுகி ஆள வல்லது. இவ்விரண்டையும் ஒரே செய்நிரலிற் சேர்க்க முயன்றோர் கண்ட இடர் விந்தையானது.

தொகுப்பான்கள் தனித்தனியே பெயர்த்துத் தந்த பகுதிகளை ஒன்றாக்கும் இணைப்பான், பெயரைக் கொண்டே பகுதிகளைப் பொருத்தும். யுனிக்ஸ் முறைமையின் எப்77 தொகுப்பானோ, சி மொழிப் பெயர்களோடு மோதாதிருத்தற்பொருட்டு, துணைச் செய்நிரற் பெயரின் ஈற்றில் ஒரு கீழ்க்கோட்டை ஒட்டியது. வேறு சில தொகுப்பான்கள் ஒட்டவில்லை. ஜி77 என்பது, பெயரினுள்ளே ஏலவே கோடிருப்பின், ஈற்றில் இரண்டு கோடுகளைச் சேர்த்தது! ஆதலின் ஒரு தொகுப்பானுக்கு இசைந்த செய்நிரல் மற்றொன்றிற் பிணையாது நின்றது.

எனினும் இஃது உடனே வெளிப்படும் பிழை. கரந்து நிற்பதே கொடிது. தாயமொன்றைப் போர்ட்ரான் நிரல் நிரலாகவும் சி நிரை நிரையாகவும் நினைவகத்தில் அடுக்கும். அதனை உணராது கொடுத்தால், கணிப்பு இடையறாது நடந்து தவறான விடையைத் தரும்.

போர்ட்ரான் 2003 என்னும் நியமம், சி மொழி அறியும் பெயரை ஆக்குவோனே குறிக்க வழிசெய்தது. கோட்டுப் பூசல் அவ்வழியைக் கைக்கொண்டோர்க்குத் தீர்ந்தது. அடுக்குமுறை வேற்றுமை இன்றும் உளது.