ஓர்ஸ் ஹில்லில் பூவேலை: ஒரு தையல் வகுப்பின் கதை

எமது பாடசாலையின் பழைய மலர்களைப் புரட்டினால் அதிபர்களின் படங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், வலைப்பந்துக் கேடயங்கள் எல்லாம் இருக்கின்றன. தையல் வகுப்பைப் பற்றி ஒரு பக்கம் கிடையாது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் புத்தகப் பையோடு துணிப் பையையும் சுமந்து வந்தவர்கள் நாம். ஒரு வெள்ளைத் துணியில் முதல் பூவை இழைத்து முடிக்க ஒரு தவணை முழுவதும் எடுத்த வகுப்பு அது. இந்த நூற்றாண்டு மலரில் அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினோம்.

தமிழ்ப் பெண்களுக்குத் தையல் ஆதியில் வீட்டுக் கலை அல்ல. சேலை தைக்காத துணி. தையல் என்றால் அது பெரும்பாலும் ஆண்கள் செய்த தொழில். பெண் பிள்ளையின் கையில் ஊசியைக் கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் தம் விடுதிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, வாசிப்பும் தையலும் ஒன்றாகவே நடந்தன. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட பெற்றோருக்கு, சட்டை தைக்கத் தெரிந்த மகள் என்பது விளங்கக்கூடிய பயனாக இருந்தது. ஆகவே எமது பார்வையில் ஊசி ஒரு தூண்டில்தான். ஆனால் அந்தத் தூண்டிலில் அகப்பட்டவர்கள் படிக்கவும் கற்றுக்கொண்டார்கள். நாகர்கோவிலில் அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல். அதற்கு முன்பே ஊசி அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

தையலோடு வந்த பூக்கள் எமது பூக்கள் அல்ல. பிரான்சின் முலூஸ் நகரில் 1746இல் தொடங்கிய டி.எம்.சி. கம்பனியின் நூல் உலகமெங்கும் போயிற்று. தெரேஸ் த தில்மோன் 1886இல் வெளியிட்ட பெரிய கைவேலை நூல் பல மொழிகளில் பரவியது. மான்செஸ்டரின் பிரிக்ஸ் கம்பனி 1870களில் கொண்டுவந்த, இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்து ஒற்றும் மாதிரித் தாள்கள் வரையத் தெரியாதவருக்கும் பூவைக் கொடுத்தன. அந்தத் தாள்களில் இருந்தவை டெய்சியும் ரோசாவும். திருகோணமலைத் துறைமுகத்தில் 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்தது. சீமைச் சாமானுக்கு எமது ஊரில் தனி மதிப்பு. டெய்சியை ஒருநாளும் காணாத பிள்ளைகள் ‘லேசி டெய்சி’ போட்டோம். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது. அதை யாரும் துணியில் வரையச் சொல்லவில்லை.

மாற்றம் வறுமையால் வந்தது என்பது எமது எண்ணம். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டு நூலும் மாதிரித் தாளும் அரிதாகின. பழைய சேலைக் கரையிலிருந்து நூல் உருவித் தைத்தோம். ஒற்றத் தாள் இல்லாதபோது பூவை நேரில் பார்த்துப் பென்சிலால் வரைய வேண்டியதாயிற்று. அப்போதுதான் செவ்வரத்தையும் தேமாவும் நித்தியகல்யாணியும் எமது சட்டைக் கழுத்துகளில் ஏறின. அதே காலத்தில், 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு தொழில்முன் பாடங்களும் வகுப்பறைக்கு வந்தன. பெண்ணுக்குரிய அடக்கம் என்று சொல்லிக்கொடுத்த வேலை புள்ளி பெறும் பாடமாயிற்று. அடக்கம் வந்ததோ தெரியாது, கணக்குப் பார்க்க வந்தது: ஒரு தலையணை உறைக்கு எத்தனை கண்டு நூல், என்ன கூலி என்று.

பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் எம் மாணவியருக்காக அந்த நித்தியகல்யாணியையே இங்கே தருகிறோம். ஐந்து இதழ், நடுவில் ஒரு புள்ளி. தொடங்குவதற்கு இதைவிட நல்ல பூ இல்லை.

பருத்திச் சட்டையாக எடுங்கள். இழுபடும் பனியன் துணி வேண்டாம். முதலில் ஒருமுறை கழுவிக் காயவிட்டால் சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போனால் அந்த நூல் வேண்டாம். கண்டு நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டை மட்டும் ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்துக் கோக்க வேண்டும். நீளம் ஒரு முழம் போதும். நீட்டிக் கோத்தால் சிக்கும், துணியில் உரசி நூலின் பளபளப்பும் போய்விடும்.

துணியை வளையத்தில் இறுக்கி, முதலில் காம்பு. காம்புத் தையலில் நூல் எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் கிடக்க வேண்டும். பக்கம் மாறினால் கயிறு போன்ற முறுக்கு உடைந்துவிடும். பிறகு இலை, அதற்கு மீன்முள் தையல்: நடு நரம்பின் இருபுறமும் மாறி மாறி, சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. (மீன் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.) இதழுக்கு, நடுவிலிருந்து ஊசியை மேலே எடுத்து, அதே இடத்தில் இறக்கி, இதழ் நுனியில் வெளியே கொண்டுவந்து, நூல் வளையத்தை ஊசிக்கு அடியில் பிடித்து இழுத்து, நுனியில் ஒரு சிறு தையலால் கட்டுங்கள். இழுக்கும்போது மெதுவாக, பலமாக இழுத்தால் இதழ் குச்சியாகிவிடும். நித்தியகல்யாணியின் இதழ் அகலமானது, ஆகவே வளையத்துக்குள் ஒரு நேர்த்தையல் போட்டு நிரப்பலாம். கடைசியாக நடுவில் பிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, இடக்கையால் நூலை இறுக்கிப் பிடித்தபடியே, வந்த துளைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு அப்பக்கம் போய்விடும்.

பின்பக்கத்தில் முடிச்சுப் போடக்கூடாது. நூல் நுனியைத் தையல்களுக்கு அடியால் செருகிவிடுங்கள். ரீச்சர் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். வேலை நின்றதும் வளையத்தைக் கழற்றி ஊசியையும் எடுத்துவிடுங்கள். எமது ஊரின் உப்புக் காற்றில் ஒரு வாரம் குத்தியிருந்த ஊசி துணியில் துருக்கறையை விட்டுவிடும், அது போகாது. முடிந்ததைக் கழுவி, தடித்த துவாயின் மேல் கவிழ்த்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள்.

இவ்வளவு தெரிந்தவர்கள் எமது வகுப்புகளிலிருந்து எத்தனையோ பேர் போனோம். சிலருக்கு அது பொழுதுபோக்கு. 1983க்குப் பின் வீட்டையும் உழைப்பாளியையும் இழந்த சிலருக்கு அதுவே அடுப்பு எரிந்த வழி. சிங்கர் தையல் யந்திரம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது, ஆனால் இடம்பெயரும்போது யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஊசியும் நாலு கண்டு நூலும் சேலைத் தலைப்பில் முடிந்துவைக்கலாம். இன்று கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலைதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதன் மினுக்கம் எமக்கும் பிடிக்கும். கைப்பூவுக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறவர்கள் அதற்குப் பேசாமல் கொடுக்கிறார்கள் என்பதுதான் எமது மனத்தாங்கல்.

பாடசாலையில் வைத்திருந்த மாதிரித் துணிகள் இடப்பெயர்வுகளில் போயின. அவற்றில் யார் பெயரும் இருக்கவில்லை. வகுப்பும் ஆண்டும் மட்டுமே ஒரு மூலையில் சங்கிலித் தையலில் இருந்தன. ரொறன்ரோவிலோ லண்டனிலோ மட்டக்களப்பிலோ உங்கள் அலுமாரியில் ஒரு கைலேஞ்சியோ தலையணை உறையோ மிஞ்சியிருந்தால் எமக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். தைத்தவரின் பெயரை மறவாமல் எழுதுங்கள்.