அயலார் உதவியும் அரசின் பொறுப்பும்: தான்சானியாவின் மக்கள் கல்வி வரலாறு

வெளிநாட்டு உதவியுடன் ஒரு நாடு தன் மக்களுக்குக் கல்வியளிக்க முற்படும்போது, அக்கல்வியின் நோக்கத்தை வகுப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. பணம் தருவோரா, அதைப் பெறும் அரசா, கற்கும் மக்களா? இவ்வினாவை ஆராய்வதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய தான்சானியாவின் வரலாறு நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது.

1961இல் விடுதலை பெற்ற தங்கனீக்கா, 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று. அதன் முதல் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். மக்கள் அவரை ஆசிரியர் எனப் பொருள்படும் ‘ம்வாலிமு’ என்ற பெயராலேயே அழைத்தனர். உதவியைத் தொடர்ந்து வரும் நிபந்தனைகளை அவர் விரைவிலேயே உணர்ந்தார். சான்சிபாரில் கிழக்கு ஜெர்மனிக்கு இடமளிக்கப்பட்டதைப் பொறாத மேற்கு ஜெர்மனி, 1965இல் தன் இராணுவ உதவியை நிறுத்திற்று. அவ்வாறாயின் எஞ்சிய அரசு உதவியும் வேண்டா என்றார் நைரேரே. அவ்வாண்டின் இறுதியில், ரொடீசியா சிக்கலை முன்னிட்டுப் பிரிட்டனுடன் உறவு முறிந்தபோது, 75 இலட்சம் பவுன் கடனுதவியும் நின்றுபோயிற்று.

இப்பின்னணியில் 1967 பிப்ரவரியில் அருஷா அறிக்கையும், மார்ச்சில் ‘தற்சார்புக்கான கல்வி’ என்னும் கொள்கை அறிக்கையும் வெளிவந்தன. குடியேற்றக் காலக் கல்வி ஒரு சிலரைப் பொறுக்கியெடுத்து, அவர்களைச் சிற்றூர் வாழ்வினின்று பிரித்துவிட்டது என்பது நைரேரேயின் குற்றச்சாட்டு. பள்ளி தான் அமைந்துள்ள சமுதாயத்தின் உழைப்பிலும் பொறுப்பிலும் பங்குகொள்ள வேண்டும் என அவர் வற்புறுத்தினார்.

இக்கொள்கை திருச்சபைகளையும் தொட்டது. அந்நாட்டுப் பள்ளிகளில் பெரும்பங்கு மிஷன்களால் தோற்றுவிக்கப்பட்டவை. அதனால் கிறிஸ்தவர்கள் முன்னேற, முஸ்லிம் மக்கள் கல்வியில் பின்தங்கியிருந்தனர். 1969ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, அரசின் நிதியுதவி பெற்ற மிஷன் பள்ளிகள் அரசுடைமையாயின. நெடுங்காலம் உழைத்தோருக்கு இது பேரிழப்பே. ஆயினும், பொதுப் பணத்தால் நடைபெறும் பள்ளி சமய வேறுபாடின்றி யாவர்க்கும் உரியது என்ற அரசின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது.

1970ஆம் ஆண்டு வயதுவந்தோர் கல்வி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. விக்டோரியா ஏரியை அடுத்த பகுதிகளில் யுனெஸ்கோவின் துணையுடன் எழுத்தறிவுத் திட்டம் நடைபெற்றது. பருத்தி, வாழை, மீன்பிடித்தல் ஆகியவற்றைப் பற்றிய பாடநூல்கள் வாயிலாகவே மக்கள் எழுத்துக் கற்றனர். 1973இல், ‘மனிதன் என்பது நலவாழ்வே’ என்ற கருத்துடைய தலைப்பில், சுவீடனின் உதவியோடு வானொலி இயக்கமொன்று நிகழ்ந்தது. ஏறத்தாழ 20 இலட்சம் பேர் சிறு குழுக்களாகக் கூடி, வானொலி உரையைக் கேட்டுக் கலந்துரையாடினர். பின் கழிப்பிடங்கள் அமைத்தனர்; தேங்கிய நீரை அகற்றினர். அரசின் கணக்குப்படி, 1967இல் நூற்றுக்கு 67ஆக இருந்த எழுத்தறியாதோர் விகிதம் 1975இல் 39ஆகவும், 1977இல் 27ஆகவும் குறைந்தது.

1975இல் தொடங்கப்பெற்ற மக்கள் வளர்ச்சிக் கல்லூரிகளும் குறிப்பிடத்தக்கவை. ஐம்பதுக்கு மேற்பட்ட இக்கல்லூரிகளுக்குச் சுவீடன் உதவிற்று. அவற்றின் முன்மாதிரி, டென்மார்க்கின் லுத்தரன் போதகர் குருண்ட்விக் கண்ட மக்கள் உயர்நிலைப் பள்ளியாகும். அவருடைய கருத்தையொட்டி முதற்பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில் தோன்றியது. தேர்வும் பட்டமுமின்றி உழவர் மக்கள் கூடி வாழ்ந்து கற்ற அம்முறையைத் தான்சானிய அரசு தன் தேவைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டது.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை நாம் மறைத்தலாகாது. 1973 முதல் 1976 வரை பல இலட்சம் மக்கள் புதிய கூட்டுச் சிற்றூர்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பல இடங்களில் வற்புறுத்தலும் வன்முறையும் கையாளப்பட்டன. மக்களைக் கலந்துரையாடக் கற்பித்த அதே அரசு, அவர்கள் எங்கு வாழ்வது என்பதை அவர்களோடு கலந்துரையாடாமலே முடிவுசெய்தது. அடுத்து, எண்ணெய் விலையேற்றமும் 1978-79இல் உகாண்டாவுடன் நிகழ்ந்த போரும் கருவூலத்தை வறிதாக்கின. நைரேரே 1985இல் பதவி விலகினார். மறு ஆண்டே அரசு பன்னாட்டு நிதியத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. 1973இல் நீக்கப்பட்ட தொடக்கப் பள்ளிக் கட்டணம், 1980களின் நடுப்பகுதியில் பெற்றோரின் ‘பங்களிப்பு’ என்ற பெயரில் திரும்ப வந்தது. 1980ஐ ஒட்டி முழுமையை நெருங்கியிருந்த பள்ளிச் சேர்க்கை, 1990களில் வெகுவாகச் சரிந்தது. 2001இல் கட்டணம் மீண்டும் நீக்கப்பட்ட பின்னரே ஏழைப் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்குத் திரும்பினர்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? அரசு தன் நோக்கத்தை முதலில் வகுத்துக்கொண்ட காலத்தில், அயலார் உதவி அந்நோக்கத்துக்குப் பணியாற்றியது. கடன் சுமை மிகுந்த காலத்தில், உதவியின் நிபந்தனைகளே நோக்கத்தை வகுத்தன. மக்களுக்குப் பேச இடமளித்தபோது கல்வி வேரூன்றியது. ஆணையிட்டபோது அரசின் நல்லெண்ணமும் சுமையாயிற்று. பிறநாட்டு நிதியுடன் கல்விப்பணியும் சமுதாயப்பணியும் ஆற்றும் எவரும், திருச்சபையார் உட்பட, தம் கணக்கேட்டைத் திறக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய பாடம் இது.