நகர மன்றத்தின் மானியமும் சங்கங்களின் வாழ்வும்

வாய்க்காற் பாசனத்தையே நம்பிய நிலமும் தனக்கெனக் கிணறுடைய நிலமும் மழைவளங் குன்றாத ஆண்டில் ஒன்றுபோலவே விளையும். தலைமடையில் மதகை அடைத்துவிட்ட ஆண்டிலேதான் இரண்டற்குமுள்ள வேற்றுமை புலனாகும். சங்கங்களின் வாழ்வும் அத்தகையதே. உறுப்பினர் தரும் சந்தா கிணற்று நீர். அரசாங்கத்தாரும் ஸ்தல ஸ்தாபனத்தாரும் தரும் மானியம் வாய்க்கால் நீர். வாய்க்கால் நீரை வேண்டாவென்று தள்ளுதல் பேதைமை. அது வருகின்றதென்று கிணற்றைத் தூர்த்துவிடுதல் அதனினும் பெரும் பேதைமை. இவ்வுண்மையை லண்டன் மாநகரின் சரித்திரங்கொண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றேன்.

நம் நாட்டுச் செய்தி இருக்க லண்டன் செய்தி எற்றுக்கு என்று அன்பர்கள் வினவலாம். பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் நூல்நிலையத்திற்கும் பொதுப்பணத்தை நாடலாமா என்னும் கேள்வி நம்போன்ற சங்கங்கள் அனைத்திற்கும் ஒருகால் எழுவதே. ஒரு வகுப்பாரால் நடத்தப்படும் சங்கத்திற்கு ஊரார் எல்லாருடைய வரிப்பணத்தையும் அளித்தல் முறையோ என்னும் எதிர்க்கேள்வியும் அதனுடனே எழும். இவ்விரு கேள்விகளும் லண்டனில் பார்லிமெண்டு வரையிலும் நீதிமன்றம் வரையிலும் சென்று ஆராயப்பெற்றன. ஆதலின் அந்நகரத்தார் பட்டறிவு நமக்கும் பயன்படும்.

இங்கிலாந்தில் எலிசபெத்து ராணியார் காலத்தில், 1601-ஆம் ஆண்டில், இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, வறியோரைக் காத்தற்பொருட்டு ஒவ்வொரு பங்கும், அஃதாவது கோயிலைச் சார்ந்த ஒவ்வோர் ஊர்ப்பிரிவும், தன் மக்களிடம் வரி தண்டுக என்றது. மற்றொன்று, செல்வர் அறத்திற்கென விட்ட பொருள் வேறு வழியிற் செல்லாவண்ணம் காத்தற்கு எழுந்தது. வரியால் நிகழும் உதவியும் மனமுவந்து செய்யும் அறமும் ஆகிய இரண்டும் அந்நாள் முதலாக அந்நாட்டில் அருகருகே ஓடும் இரண்டு ஆறுகளாயின. 1834-இல் வறியோர் சட்டம் திருத்தப்பட்டு, உதவி வேண்டுவோர் வேலைவிடுதியிற் புகவேண்டுமென்னும் கடுமை மிகுந்தது. 1869-இல் லண்டனில் தர்ம ஸ்தாபனங்களை ஒழுங்குபடுத்தும் சங்கமொன்று தோன்றி, யாருக்கு உதவுவது, யாருக்கு மறுப்பது என்று வீடுவீடாக ஆராயத் தொடங்கிற்று. நெடுங்காலம் வரை இவ்விரு ஆறுகளும் பெரும்பாலும் தத்தம் வழியே சென்றன.

அவற்றை இணைத்த கால்வாய்களுள் முக்கியமான ஒன்று 1972-ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் 137-ஆம் பிரிவாகும். வேறு சட்டம் எதுவும் தனியே அதிகாரந் தராத காரியங்களுக்கும் ஒரு மன்றம் தன் எல்லையின் நன்மை கருதிச் செலவிடலாம் என்றும், அச்செலவு வீடு நிலங்களின் வரிமதிப்பில் பவுன் ஒன்றுக்கு 2 பென்ஸ் தண்டினால் வரும் தொகைக்கு மேற்போகலாகாது என்றும் அப்பிரிவு வகுத்தது. அதன் வாசகத்தில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. எல்லைக்குட்பட்ட மக்கள் அனைவரின் நன்மை மட்டுமன்றி, அவருள் சிலரது நன்மையும் செலவிடுதற்குரிய காரணமாகும் என்று அச்சட்டம் வெளிப்படக் கூறிற்று. ஒரு விரலில் இட்ட மருந்து முழு உடம்பிற்கும் நன்றாதல் போல, ஒரு பகுதியாரின் துயர் தீர்த்தல் ஊர் முழுமைக்கும் நன்று என்பதை ஒப்புக்கொண்டதாயிற்று.

இவ்வதிகாரத்தை மிகுதியும் கையாண்டு புகழும் பழியும் ஒருங்கே எய்தியது கிரேட்டர் லண்டன் கவுன்சில் என்னும் மாநகரப் பெருமன்றம். 1965-இல் தோன்றிய அம்மன்றத்தின்கீழ் லண்டன் நகரம் 32 பரோக்களும் தொன்மையான 'சிட்டி'யுமாகப் பகுக்கப்பட்டிருந்தது. 1981-ஆம் ஆண்டு மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றபின் கென் லிவிங்ஸ்டன் அதன் தலைவரானார். பெண்கள் சங்கங்கள், குழந்தைக் காப்பகங்கள், பிறநாடுகளினின்று குடியேறியோர் சங்கங்கள், ஏழைகளுக்கு இலவசமாக வழக்குரைக்கும் நிலையங்கள் முதலியவற்றிற்கு அம்மன்றம் முன்னில்லாத அளவில் மானியம் வழங்கிற்று. வாடகை கொடுக்கவும் வகையின்றி ஒற்றையறையில் நடந்த சங்கங்கள் பல அதனால் நிலைபெற்றன. பத்திரிகைகள் சில, வரிப்பணம் வீணாகின்றதென்று நாள்தோறும் எள்ளி எழுதின.

தேம்ஸ் நதியின் ஒரு கரையில் பார்லிமெண்டு மாளிகை. எதிர்க்கரையில் இம்மன்றத்தின் மாளிகை. வேலையில்லாதோர் தொகையைத் தம் கூரைமீது பேரெழுத்தில் எழுதி எதிர்க்கரையார் காணுமாறு வைத்தனர் மன்றத்தார். மார்கரெட் தாட்சர் அம்மையாரின் அரசாங்கத்திற்கும் இவர்க்கும் பகை முற்றிற்று. 1983-ஆம் ஆண்டுத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியார் அம்மன்றத்தை ஒழிப்போமென்று வாக்களித்தனர். 1985-இல் சட்டம் இயற்றினர். 1986-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாளுடன் மன்றம் மறைந்தது. கொடுத்த கை போகவே ஏற்ற கைகள் திகைத்தன.

எனினும் அச்சட்டத்தின் 48-ஆம் பிரிவு, பரோ மன்றங்கள் யாவும் மக்கட்டொகைக்கேற்பப் பொருள் ஈந்து, நகரம் முழுமைக்கும் பணிபுரியும் சங்கங்களுக்கு ஒரு பொதுநிதியால் உதவலாமென்று வழி வகுத்தது. ஆனால் மன்றங்களுள் மூன்றில் இரண்டு பங்கு இசைந்தாலன்றி அந்நிதியின் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாது. முன்னர் ஒரு வாயிலில் நின்ற சங்கத்தார் இப்பொழுது பல வாயில்களின் மனநிலையையும் நோக்கி நிற்க வேண்டியவராயினர். 1990-க்குப் பின்னர் மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. மானியமாக ஈந்த பொருளை மன்றங்கள் ஒப்பந்தக் கூலியாக மாற்றத் தொடங்கின. இன்ன வேலை, இத்தனை பேருக்கு, இன்ன விலைக்கு என்று டெண்டர் கோரப்பட்டது. கணக்கர்களையும் எழுத்தர்களையும் உடைய பெரிய ஸ்தாபனங்கள் அதில் எளிதில் வென்றன. தெருக்கோடியில் நின்று தொண்டு செய்த சிறு சங்கங்கள் பின்தங்கின.

இனி ஒரு சிறு சங்கத்தின் கதையைக் கூறுவேன். லண்டனின் மேற்றிசையில் ஈலிங் என்னும் பரோவில் சவுத்தால் என்றோர் ஊர் உண்டு. பஞ்சாப் தேசத்தினின்று சென்ற நம் இந்திய மக்கள் பெருந்தொகையினராய்க் குடியேறிய இடம் அது. 1979-ஆம் ஆண்டில் அங்கே 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்னும் மகளிர் சங்கம் எழுந்தது. 'பிளாக்' என்னும் சொல் அக்காலத்தில் ஆசியரும் ஆப்பிரிக்கரும் நிறவேற்றுமையை எதிர்த்து ஒருங்கு நிற்றற்குச் சூட்டிக்கொண்ட பொதுப்பெயர். இல்லத்துள் அடியும் வசையும் பட்டு, அந்நாட்டு மொழியறியாது, போக்கிடமின்றித் தவித்த பெண்களுக்கு இச்சங்கத்தார் துணைநின்றனர். கணவனைக் கொன்ற குற்றத்திற்காக 1989-இல் ஆயுள் தண்டனை பெற்ற கிரண்ஜித் அலுவாலியா என்னும் பெண்மணி, ஆண்டுகள் பலவாகத் தாம் பட்ட கொடுமை மறுவிசாரணையில் கருதப்பெற்று 1992-இல் விடுதலையானதற்கு இவர்களது முயற்சியும் ஒரு காரணம். குலத்தின் மானத்தைத் தெருவிற்குக் கொணர்ந்தனர் என்று தம்மவருள்ளேயே சிலரால் இவர்கள் பழிக்கவும் பெற்றனர். பழிக்கு அஞ்சிப் பணியைக் கைவிட்டாரல்லர்.

இச்சங்கத்திற்கு முதலில் மாநகரப் பெருமன்றமும், அது மறைந்தபின் ஈலிங் மன்றமும் பொருளுதவி செய்துவந்தன. 2007-ஆம் ஆண்டில் ஈலிங் மன்றத்தார் புதியதொரு நெறியை மேற்கொண்டனர். பரோவிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே அமைப்பின் வாயிலாகவே உதவி நல்குவோம். ஒரு பகுதியார்க்கென்று தனிச் சங்கம் இருப்பது சமத்துவத்திற்கும் சமூக ஒற்றுமைக்கும் பொருந்தாது என்பது அவர் கூற்று. அவ்வாண்டில் அரசாங்கக் குழுவொன்று, தனித்தனி இனத்தார் சங்கங்களுக்குப் பொருளளிப்பதில் எச்சரிக்கை வேண்டுமென்று கருத்துரைத்திருந்ததும் அவர்க்குத் துணையாயிற்று. கேட்ட அளவில் நேரிதாகத் தோன்றும் வாதமே இது.

சங்கத்தின் உதவியை நாடிய மகளிர் இருவர் 2008-இல் உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். ஜூலை மாதத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்பொழுதே மன்றத்தார் தம் முடிவைத் திரும்பப் பெற்றனர். ஆயினும் நீதிபதி மோசஸ் தம் தீர்ப்பை விரிவாகவே வழங்கினார். 1976-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டத்தின்படி, ஒரு முடிவினால் சிறுபான்மையார்க்கு விளையும் ஊறு யாதென முன்னரே ஆராய்தல் வேண்டும், முடிவு செய்தபின் காரணந் தேடுதல் ஆகாது என்றார். தனிப்பட்ட தேவையுடையார்க்கு அத்தேவையை அறிந்தோர் வாயிலாகத் தனியே உதவுதல் சமத்துவத்திற்கு மாறாகாது, அதனை வளர்ப்பதே என்றும் தெளிவுறுத்தினார். எல்லார்க்கும் ஒரே அளவுள்ள செருப்பைக் கொடுத்துச் சமம் செய்துவிட்டோம் என்பாரை உலகம் ஏற்குமோ?

2011-இல் இதனையொத்த மற்றொரு வழக்கில், மேற்கூறிய 48-ஆம் பிரிவின் பொதுநிதியைக் குறைக்கச் செய்த முடிவும் நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது. இவ்விரு வெற்றிகளின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். நீதிமன்றம், பொருள் கொடுத்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. முறைப்படி எண்ணிப் பார்த்து முடிவு செய்க என்றே சொல்லிற்று. எண்ணிப் பார்த்தபின்னரும் குறைக்கலாம். அப்பொதுநிதி பின்னர்க் குறையவே செய்தது.

ஏனெனின், தலைமடையிலேயே நீர் வற்றிவிட்டது. 2010-11 முதல் 2017-18 வரையில் இங்கிலாந்தின் ஸ்தல மன்றங்களுக்கு மத்திய அரசாங்கம் அளித்த தொகை, விலைவாசி ஏற்றத்தையும் கணக்கிட்டுப் பார்க்குமிடத்து, நூற்றுக்கு 49.1 பங்கு குறைந்ததென்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டுள்ளது. முதியோரைப் பேணலும் ஆதரவற்ற குழந்தைகளைக் காத்தலும் மன்றங்கள் சட்டப்படி செய்தே தீரவேண்டிய கடன்கள். சங்கங்களுக்கு ஈதலோ விருப்பத்தின்பாற் பட்டது. ஆதலின் முதலில் வெட்டுப்படுவது அதுவே. நார்த்தாம்டன்ஷயர் 2018-இலும், லண்டனிலுள்ள கிராய்டன் 2020-இலும், பர்மிங்காம் 2023-இலும், வரவுக்குள் செலவை அடக்க இயலவில்லை என்று சட்டப்படி அறிவித்தன. 2020-இல் கொள்ளைநோய் பரவியபொழுது அரசாங்கம் தொண்டு நிலையங்களுக்கென 75 கோடிப் பவுன் ஒதுக்கியது. ஆனால் வருவாய் நின்று, உதவி நாடுவோர் தொகையோ பெருகிய அந்நாளில் அதுவும் யானைப் பசிக்குச் சோளப்பொரியாகவே பலர்க்குத் தோன்றிற்று.

இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கவை யாவை? ஊர்ப்பணத்தைக் கேட்பது இழிவன்று. ஊருக்குச் செய்யும் பணிக்கு ஊர் துணைசெய்தல் நியாயமே. ஆனால் கேட்கும் சங்கம், தன் வகுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டலாகாது. தான் தீர்க்கும் துயரைச் சொல்லிக் கேட்டல் வேண்டும். சவுத்தால் மகளிர் வென்றது, 'நாங்கள் இன்னார்' என்றமையாலன்று. 'பிறர் எட்டாத இடத்தில் துன்புறுவோரை நாங்கள் எட்டுகின்றோம்' என்று காட்டினமையாலேயாம். நம் விடுதியில் பயிலும் பிள்ளைகள் எத்துணையர், அவருள் தந்தையற்றார் எத்துணையர், அயல்வகுப்பு ஏழைச் சிறுவர்க்கும் அங்கே இடமுண்டா என்பவற்றிற்கு விடை கூறவல்லமேயானால் எம்மன்றத்தின் முன்னும் நாணாது நிற்கலாம்.

ஒரு சங்கம் தன் மக்களுக்காகப் பேசுகின்றேன் என்னுமிடத்து, அம்மக்களுள் வாய்பேச இயலாதார் யாவர் என்பதையும் நினைத்தல் வேண்டும். பெரியோர் கூடி மேடையில் அமர்ந்துவிட்டமையால் சமூகம் முழுதும் அங்கே அமர்ந்துவிட்டதாகாது. கைம்பெண்டிரும், கணவனால் கைவிடப்பட்டாரும், கடன்பட்டுக் கூலிக்குச் சென்றாரும் நம் கூட்டங்களிற் காணப்படுவது அரிது. அவர் குறையை நாம் கேளாவிடின் வேறொருவர் கேட்பர். அங்ஙனம் கேட்டாரைப் பழித்தற்கு நமக்கு உரிமையில்லை.

கடைசியாக, கிணற்றைத் தூர்க்கலாகாது. வாய்க்கால் வற்றிய காலத்து லண்டனில் நிலைகுலைந்த சங்கங்கள் பல. நின்றவற்றிற்குத் தமக்கென்று நின்ற மக்கள் இருந்தனர். நம் சங்கத்தின் மாதச் சந்தாவும், இல்லத்தரசியர் அன்றாடம் எடுத்துவைக்கும் பிடியரிசியும் சிறியனவாகலாம். அவற்றிற்கு மூன்றில் இரண்டு பங்கு மன்றங்களின் இசைவு வேண்டுவதில்லை; டெண்டர் வேண்டுவதில்லை; தேர்தலால் அவை மறைவதில்லை. கொடுத்தவர் பெயரும் செலவிட்ட வகையும் ஆண்டுதோறும் கூட்டத்தில் வெளிப்படப் படிக்கப்பெறுமாயின் அக்கிணறு ஒருநாளும் வற்றாது. இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தாத அன்பர்கள் இதனைச் சிந்தித்து ஆவன செய்வார்களாக.