காணாக் காயமும் ஓய்வூதியச் சட்டமும்

போரிற் பட்ட புண்ணை அளவுகோலாகக் கொண்டு வீரனை மதிப்பிடும் மரபு தமிழருக்குப் புதியதன்று. சங்ககாலத்தில் மார்பிற் பட்ட புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டது. முதுகிற் பட்ட புண் நாணத்துக்குரியதாயிற்று. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பிற் பாய்ந்த வேல் முதுகிலும் புண்செய்தமைக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். பிற்காலக் கல்வெட்டுக்களிலே போரில் மடிந்தோரின் குடும்பத்தாருக்கு அளிக்கப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’ என வழங்கப்பட்டது. அச்சொல்லே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. அரசு ஈடுசெய்ய முன்வந்தது சிந்திய குருதிக்கே. குருதி சிந்தாத காயம் ஒன்று உண்டென்பதும், அதற்கும் அரசு கடப்பாடுடையது என்பதும் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த எண்ணங்களாகும். அவ்வெண்ணம் சட்டமாக எத்துணை இடர்ப்பட்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வரலாற்றைக் கண்டியிலிருந்தே தொடங்கலாம். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை 1914 ஒக்டோபரிலே கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. சென்றோர் இருநூற்றுச் சொச்சம் பேர், அனைவரும் ஐரோப்பியர். மலையகத்துத் தோட்டங்களிலே அவர்களின் கீழ் உழைத்த தமிழருக்கு அப்படையில் இடமிருக்கவில்லை. சுயஸ் கால்வாய்க் காவலில் நின்ற இவர்கள் 1915இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு கலிப்பொலிக்குச் சென்றனர். அதே ஆண்டு பெப்ரவரியிலே, கேம்பிரிட்ஜ் உளவியலறிஞரான சார்ள்ஸ் மையர்ஸ், பிரான்சுப் போர்முனையிற் கண்ட மூன்று படைவீரரின் நிலையை ‘லான்செற்’ மருத்துவ இதழில் விவரித்தார். உடலிற் குறிப்பிடத்தக்க காயமில்லை, ஆயினும் பார்வை குன்றியது, நினைவு தவறியது. குண்டதிர்ச்சி என்னும் பெயர் இவ்வாறு மருத்துவ ஏட்டில் ஏறிற்று.

பெயர் கிடைத்ததும் கணக்கெழுதுவோருக்கு இடர்ப்பாடு பிறந்தது. இத்தகையோர் காயமுற்றோரா, நோயுற்றோரா? பிரித்தானிய இராணுவம் இதற்குக் கண்ட தீர்வு விசித்திரமானது. எதிரியின் குண்டு வெடித்தமையால் நேரடியாகத் தாக்குண்டவனின் ஏட்டிலே காயத்தைக் குறிக்கும் ‘டபிள்யூ’ என்ற எழுத்து இடப்பட்டது. அவன் காயமுற்றோன்; சட்டைக் கையிலே காயப்பட்டி அணியலாம்; ஓய்வூதியமும் கோரலாம். குண்டு அருகில் வெடிக்காது, மாதக்கணக்கிற் பதுங்குகுழியிற் கிடந்து மனம் முறிந்தவனுக்கோ நோயைக் குறிக்கும் ‘எஸ்’ என்ற எழுத்து. அவனுக்குக் காயப்பட்டியும் இல்லை, ஓய்வூதிய உரித்தும் இல்லை. எழுத்தைத் தீர்மானிப்பதற்கு வைத்தியரின் முடிவு மட்டும் போதவில்லை. படைப்பிரிவின் அதிகாரி, இன்ன நாளில் இன்ன குண்டு வெடித்தது எனச் சான்றளிக்க வேண்டியிருந்தது. அவ்வதிகாரியே மாண்டிருந்தால்? போர்க்களத்திலே சாட்சி தேடுவதென்பது எரிகின்ற வீட்டிலே உறுதிப்பத்திரம் தேடுவது போன்றதே. குண்டதிர்ச்சி என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மையர்ஸே பின்னர் அது பொருந்தாச் சொல் என்று கருதினார். குண்டு வெடிக்காமலும் மனம் உடைவதைக் கண்டவர் அவர்.

போர் முடிந்த பின்னர், 1921 அளவிலே, நரம்புத் தளர்ச்சியின் பெயரால் பிரித்தானியாவில் ஓய்வூதியம் பெற்ற முன்னாட் படைவீரர் சுமார் 65,000 பேர் என மதிப்பிடப்பட்டது. திறைசேரிக்கு இது பெருஞ்சுமையாயிற்று. 1922இல் அறிக்கை சமர்ப்பித்த சவுத்பரோ குழு, குண்டுவெடிப்பினால் நேர்ந்ததென்று கூறப்படினும் மனமுறிவைப் போர்க்காயமாகப் பதியலாகாது என விதந்துரைத்தது. இரண்டாம் உலகப்போர் மூளும் தறுவாயிலே, 1939இல், போர் நடக்குங்காலத்தில் இத்தகைய நோய்க்கு ஓய்வூதியம் வழங்கலாகாது என்ற கருத்தே அரசிடம் மேலோங்கியது. பணம் கொடுத்தால் நோய் வளரும் என்பதே அவர்களின் வாதம். இவ்வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. நோயாளியாயிருப்பதிற் பயன் உண்டெனிற் குணமடையும் நாட்டம் குறைதல் கூடும். ஆயினும் கால் இழந்தவனிடத்து எவரும் இவ்வாதத்தை எடுத்துரைக்கவில்லை என்பது நோக்கற்பாலது.

1943இலே நிலை மாறியது. நோய் சேவையினால் விளைந்தது எனப் படைவீரன் நிறுவவேண்டும் என்ற நிலை நீங்கி, சேவையினால் விளையவில்லை என அரசு நிறுவவேண்டும் என்ற நிலை பிரித்தானியாவிலே தோன்றியது. மறுக்கப்பட்டோர் முறையிட மேன்முறையீட்டு நியாயசபைகளும் அமைக்கப்பட்டன. சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இம்மாற்றமே மனநோயுற்றோருக்கு வாயிலைத் திறந்தது எனலாம். உடைந்த எலும்புக்குப் படச்சான்று உண்டு. உடைந்த உறக்கத்துக்கு என்ன சான்று உண்டு? நிறுவும் பொறுப்பு யார் தோளில் விழுகின்றதோ அவரே பெரும்பாலும் வழக்கில் தோற்கின்றார்.

அடுத்த ஆண்டு, 1944 ஏப்ரலிலே, மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். நமது பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்கு வருமுன்னர் இச்சூழலிலே பர்மாப் போருக்கான திட்டங்கள் தீட்டப்பட்டன. இலங்கையிலே அக்காலத்தில் நிலைகொண்ட படைகளுள் இந்தியரும் கிழக்கு ஆபிரிக்கரும் இருந்தனர். கண்டிப் போர்க்கல்லறையிலே பிரித்தானியர், இந்தியர், ஆபிரிக்கர், இலங்கையர் என ஏறத்தாழ 200 பேர் துயில்கின்றனர். கற்களிலே பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் முதலியன உள; இறப்பின் காரணம் இல்லை. இறந்தோரிடையே காட்டாத வேற்றுமையை அரசு உயிருடன் மீண்டோரிடையே காட்டியது. கிழக்கு ஆபிரிக்கச் சிப்பாய் பெற்ற போர்க்கால வெகுமதி அதே தரத்து வெள்ளையர் பெற்றதில் ஒரு சிறு பகுதியே. தோலின் நிறத்தையே கணக்கிட்ட ஏடு மனத்தின் காயத்தைக் கணக்கிட்டிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

பிரித்தானியர் விட்டுச்சென்ற சட்டச் சொற்றொடர் இந்தியாவில் இன்றும் வாழ்கின்றது. நோய் படைச்சேவையினால் விளைந்ததாகவோ அதனாற் கடுமையடைந்ததாகவோ இருத்தல் வேண்டும். இயலாமை குறைந்தது 20 வீதமாதல் வேண்டும். 1982ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்ந்தபோது ஏட்டிற் குறைபாடு குறிக்கப்படாதவன் நல்ல உடலும் மனமும் உடையவனாகவே சேர்ந்தான் எனக் கொள்ளவேண்டியிருந்தது. விதி இவ்வாறிருந்தும் மருத்துவச் சபைகள் உளநோயைப் பிறவிக்கூறு எனக் குறிப்பெழுதி ஓய்வூதியத்தை மறுத்தமை உண்டு. 1970களிலே படையிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் உளச்சிதைவு நோயின் பேரில் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு 2013இலேதான் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிவெய்தியது. மருத்துவச் சபையின் கூற்றை நீதிமன்றம் வேதவாக்காகக் கொள்ளவில்லை. மீளப் பரிசோதிக்குமாறு பணித்தது. மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட காத்திருப்புக்குப் பின் அவர் பெற்றது இன்னொரு பரிசோதனையே.

இதனிடையே 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம், வியட்நாமிலிருந்து மீண்டோரின் கிளர்ச்சியும் உந்த, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தனது கையேட்டிற் சேர்த்தது. நோய்க்குக் காரணம் நோயாளியின் இயல்பிலன்று, அவனுக்கு நேர்ந்த நிகழ்விலே உள்ளது என மருத்துவம் ஏற்றுக்கொண்டமை அதன் சிறப்பு.

இலங்கையிலோ 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. படையினரின் நலன்பேண 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 12 ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் விலகவேண்டியிருந்த அங்கவீனமுற்ற படையினர், முழு ஓய்வூதியங் கோரி 2017இலே கொழும்பு வீதியில் அமர்ந்தனர். அவர்களின் ஊன்றுகோல்களைப் பத்திரிகைகள் படமெடுத்தன. ஊன்றுகோல் இல்லாதோரை எந்தப் படத்திலே காட்டுவது? தமிழ்ப் பொதுமக்களின் மனவடுவைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே விரிவாக ஆராய்ந்தார். அவர் கண்ட தாய்மாருக்கும் சிறுவருக்கும் சேவை ஏடு என ஒன்றில்லை. ஆதலின் விளைந்ததா, கடுமையடைந்ததா எனக் கேட்கவும் ஒரு சபை இல்லை. புனர்வாழ்வு பெற்று வெளிவந்த முன்னாட் போராளிகளின் நிலையும் இதுவே. இப்பொருளைப் படைவீரரோடு மட்டும் நிறுத்துவது எமக்கு முறையாகத் தோன்றவில்லை.

இறுதியாக ஓடிப்போனோரைப் பற்றி ஒரு சொல். போர் முடிந்தபின்னும் படையை விட்டோடியோருக்கு இலங்கை அரசு பலமுறை பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தது, 2024இலும் அறிவித்தது. ஓடியோருள் எத்தனை பேர் அஞ்சி ஓடினர், எத்தனை பேர் நோயுற்று ஓடினர் என்ற வினாவை மன்னிப்பு எழுப்புவதில்லை. முதலாம் உலகப்போரிலே ஓடியமைக்கும் கோழைத்தனத்துக்குமெனச் சுடப்பட்ட பிரித்தானியப் படையினர் சுமார் 300 பேருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு வழங்கியது. அச்சட்டத்தின் அதே பிரிவிலே, இம்மன்னிப்பினால் எவருக்கும் எவ்வித உரித்தும் எழாது எனவும் எழுதப்பட்டுள்ளது.